பள்ளிக்குக் கொடுக்கும் பழைய கம்ப்யூட்டர்: உள்ளே என்ன ஏற்றிக் கொடுப்பது?

பள்ளி திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகம், ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பாத்திரம், வகுப்பறைக்கு மின்விசிறி என்று கேட்டு வரும் தலைமை ஆசிரியரை நம் வணிகர்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பேளுக்குறிச்சி வட்டாரத்தில் இது பழைய வழக்கம். சில ஆண்டுகளாக இந்தப் பட்டியலில் கம்ப்யூட்டரும் சேர்ந்திருக்கிறது. கடையில் பில் போட்டுக் கொண்டிருந்த மெஷினை மாற்றும்போது, அதைப் பழைய இரும்புக் கடையில் போடுவதைவிடப் பள்ளிக்குக் கொடுத்தால் பிள்ளைகளாவது பழகிக்கொள்ளும் என்று நினைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன மென்பொருள் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்துக் கொடுக்கிறோம்?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. தனியாகப் பதிந்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 எல்லா மெஷினிலும் முறைப்படி ஏறாது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கடைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. மதர்போர்டு, திரை, கீபோர்டு எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை 'பழசு' ஆகிவிட்டன. ஆகவே வரும் நாட்களில் நம் கடைகளிலிருந்து பள்ளிகளுக்குப் போகும் மெஷின்கள் கூடத்தான் செய்யும். கொடுப்பதை முறையாகக் கொடுக்க வேண்டும் அல்லவா!

பில் இல்லாத சரக்கு

வழக்கமாக நடப்பது இதுதான். அசெம்பிள் செய்து வாங்கிய மெஷின். கம்ப்யூட்டர் கடைப் பையன் ஒரு பென்டிரைவைச் சொருகி விண்டோஸ், ஆபீஸ், போட்டோ திருத்தும் மென்பொருள், இரண்டு தமிழ் எழுத்துரு என்று அரை மணி நேரத்தில் ஏற்றிக் கொடுத்துவிடுவான். அதற்குக் கூலி வாங்குவான். உரிமத்துக்குப் பில் இருக்காது. அதே மெஷினை அப்படியே தூக்கிப் பள்ளிக்குக் கொடுக்கிறோம். பில் இல்லாமல் ஒரு மூட்டை துவரம்பருப்பு கடைக்குள் இறங்கினால் நாம் எவ்வளவு யோசிப்போம்! அந்த யோசனை மென்பொருளில் மட்டும் வருவதில்லை, அது கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதால்.

பள்ளிக்குத்தானே கொடுக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்வோர் உண்டு. ரஷ்யாவில் கேட்டார்கள். பெர்ம் மாகாணத்தில் செபிச் என்ற கிராமத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அலெக்சாந்தர் பொனோசோவ். பள்ளிக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களில் உரிமம் இல்லாத விண்டோஸும் ஆபீஸும் இருந்தன என்று 2006ஆம் ஆண்டு சோதனையில் கண்டுபிடித்து அவர் மேல் குற்ற வழக்குப் போட்டது அரசுத் தரப்பு. மெஷின்கள் வரும்போதே அந்த மென்பொருள்களோடுதான் வந்தன என்பது அவர் வாதம். வழக்கு உலகச் செய்தி ஆயிற்று. முன்னாள் அதிபர் கோர்பசேவ், அந்த ஆசிரியரைக் காப்பாற்றும்படி பில் கேட்ஸுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். வழக்குத் தொடுத்தது தாங்கள் அல்ல, ரஷ்ய அரசு என்று மைக்ரோசாப்ட் ஒதுங்கிக்கொண்டது. 2007 பிப்ரவரியில் அற்ப விஷயம் என்று தள்ளுபடியான வழக்கு மேல்முறையீட்டில் உயிர்பெற்று, மே மாதம் 5,000 ரூபிள் அபராதத்தில் முடிந்தது. 2008 டிசம்பரில்தான் அவர் முற்றிலும் விடுதலையானார். சப்ளை செய்தவர் யாரோ, கோர்ட்டு வாசலில் நின்றவர் தலைமை ஆசிரியர். அந்த வழக்குக்குப் பிறகு பெர்ம், தோம்ஸ்க், தத்தார்ஸ்தான் பகுதிப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைச் சோதனை முறையில் புகுத்த ரஷ்ய அரசே முன்வந்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆதாயத்துக்காகவோ வணிகத்திலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிச் சிறையைத் தவிர்க்கலாம். அப்போதும் 50,000 வரை அபராதம் விதிக்கலாம். இந்தச் சலுகை பள்ளிக்குப் பொருந்தக்கூடும். கடைக்குப் பொருந்தாது என்பதை இங்கே ஓரமாகக் குறித்துக்கொள்வது நல்லது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிராண்டு கம்பெனி மெஷினாக, விண்டோஸ் உரிமத்தோடு சேர்த்தே வாங்கியிருந்தால், அந்த உரிமம் பொதுவாக மெஷினோடு பள்ளிக்குப் போகும். அதில் குற்றம் இல்லை. ஆனால் மேலே சொன்னபடி விண்டோஸ் 10க்குத் திருத்தம் நின்றுவிட்டதால், பத்து பென்டிரைவ் வந்துபோகும் பள்ளி மெஷினில் அது பூட்டில்லாத கடை மாதிரிதான் நிற்கும்.

பக்குவச் சீட்டோடு வரும் பொடி

கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் என்று இரண்டு பெயரில் சொல்கிறார்கள். நமக்குப் புரியும்படி இப்படிச் சொல்லலாம். ஒரு கம்பெனி சாம்பார் பொடியைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறது. என்ன சரக்கு, எவ்வளவு வறுவல் என்பது அவர்கள் ரகசியம். இன்னொருவர் பொடியோடு பக்குவச் சீட்டையும் வைத்துத் தருகிறார். நீயே அரைத்துக்கொள், காரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள், அண்டை வீட்டுக்குக் கொடு, விலைக்கு விற்றாலும் சரி. நீ மாற்றிய பக்குவத்தையும் சீட்டில் எழுதி அடுத்தவருக்குக் கொடுத்துவிடு என்பது ஒன்றே நிபந்தனை. குனு பொது உரிமம் என்று சொல்லப்படும் உரிமத்தின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

இந்த இயக்கம் தொடங்கிய கதையிலேயே ஓர் அன்பளிப்பு மெஷின் இருக்கிறது. 1980ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். பழைய பிரிண்டரில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார் அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதிலும் அப்படிச் செய்ய நினைத்தால், அதன் மூல நிரல் வரவே இல்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரை நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். மெஷினைத் தானமாக வாங்கியவர்களால் அதைச் சரிசெய்துகொள்ள முடியவில்லை. ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்ற கருநிரல் அதோடு சேர்ந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று.

சும்மா கொடுத்தால் யார் பிழைப்பது என்று வணிகர் மனம் கேட்கும். சரக்கில் இல்லை, சேவையில் இருக்கிறது வரும்படி. லினக்ஸைப் பராமரித்துக் கொடுக்கும் தொழிலை வைத்து வளர்ந்த ரெட் ஹாட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019இல் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அது கிடக்கட்டும். நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கியூ.ஆர். பணம் வந்ததா என்று பார்க்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே லினக்ஸ் கருதான் ஓடுகிறது. தெரியாமலே நாம் எல்லோரும் அதன் வாடிக்கையாளர்கள்.

பாடநூல் என்ன சொல்கிறது?

'பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே இருக்கும், இதைப் படித்து என்ன பயன்?' என்பது முதல் ஆட்சேபம். இதற்குப் பதிலைப் பிள்ளைகளின் புத்தகப் பையிலேயே பார்க்கலாம். 2018 முதல் வகுப்பு வகுப்பாக வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எட்டாம் வகுப்பு அறிவியலில் லிப்ரே ஆபீஸ் கால்க், ஒன்பதாம் வகுப்பில் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச், பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகளில் ஓப்பன் ஆபீஸ், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் என்று பாடம் வைத்தார்கள். இவை அத்தனையும் திறமூல மென்பொருள்கள். புத்தகத்தில் ஒன்று, மேசை மேல் வேறொன்று என்று பிள்ளை முழிக்கும்படி நாம் மெஷின் கொடுப்பது என்ன நியாயம்?

அதோடு, கால்க்கில் கூட்டல் வாய்பாடு போடத் தெரிந்த பிள்ளைக்கு எக்செல்லில் போட ஒரு நாள் பழக்கம் போதும். தட்டுத் தராசில் நிறுக்கத் தெரிந்தவன் எலக்ட்ரானிக் தராசு வந்ததும் கடையை மூடிவிட்டா போனான்?

சிறு பிள்ளைகளுக்கும் இதில் சரக்கு நிறைய. வரைவதற்கு டக்ஸ் பெயின்ட், எண்ணும் எழுத்தும் விளையாட்டாகப் பழக ஜீகாம்ப்ரி, வான மண்டலம் பார்க்க ஸ்டெல்லேரியம், தனிம வரிசை அட்டவணைக்குக் கால்சியம் என்று எல்லாம் கட்டணம் இல்லாமல் கிடைக்கின்றன. இன்டர்நெட் எட்டாத பள்ளிக்குக் கிவிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு முறை இறக்கி மெஷினில் வைத்துவிட்டால், பிறகு இணைப்பே இல்லாமல் படிக்கலாம். கொல்லிமலைமேல் இருக்கும் பள்ளிகளுக்கு இதுபோல் பயனுள்ள பொருள் வேறு இல்லை என்பது என் கருத்து. தமிழ் எழுதுவதற்கும் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 1999இல் சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸில் அமைப்புப் பகுதியிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது.

வாளையாருக்கு அந்தப் பக்கம்

நாமக்கல் முட்டை வண்டிகள் நாள்தோறும் வாளையாரைத் தாண்டிப் போகின்றன. அந்தப் பக்கம் பள்ளிகளில் நடந்ததை நம்மில் பலர் கவனித்ததில்லை. கேரள அரசு 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அங்கேயும் விண்டோஸ் பாடம்தான். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையை அதே 2001இல் திருவனந்தபுரத்தில் ஸ்டால்மன் வந்து தொடங்கி வைத்தார். ஒரே கம்பெனியின் சரக்கைப் பாடமாக வைப்பதை ஆசிரியர் அமைப்புகளும் எதிர்த்தன. படிப்படியாக லினக்ஸுக்கு மாறினார்கள். 2008இல் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. 2017இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் சொந்த லினக்ஸ் பதிப்பை ஏற்றுவதால் உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அவர்கள் கணக்குச் சொன்னார்கள். எல்லா மெஷினுக்கும் எல்லா மென்பொருளையும் விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ற அனுமானக் கணக்கு அது. அதை அப்படியே பணமாக எண்ணக் கூடாது. ஆனாலும் ஏழைப் பள்ளி ஒன்றுக்கு உரிமச் செலவு பூஜ்யம் என்பது அனுமானம் இல்லை.

அங்கே ஜெயித்ததற்கு மென்பொருள் மட்டும் காரணம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஆசிரியர்களிலேயே பயிற்றுநர்களைத் தயார் செய்தார்கள். பாடநூலையும் மெஷினையும் ஒன்றாகவே திட்டமிட்டார்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கி, மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பிள்ளைகளையே பங்காளி ஆக்கினார்கள். மெஷின் கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

நம் மாநிலத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸை முனைந்து கொண்டுவந்தார். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அதில் பள்ளிக்கென்றே எடுபாஸ் என்ற பதிப்பும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் பாஸ் இடம்பெற்றது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசுத் துறைகளைப் பாஸுக்கு மாறும்படி மாநில அரசு அறிவுறுத்தியது. ஆனால் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் பலர் நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போய், காசு கொடுத்து, உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றிக்கொண்டதை நாம் கண்ணால் பார்த்தோம். பொருள் கெட்டது என்பதால் இல்லை. அதை எப்படி ஓட்டுவது என்று கற்றுக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். அவர் அதைத்தான் கொடுத்தார்.

ஆகவே நன்கொடை கொடுக்கும்போது மெஷின், மென்பொருள், ஆள் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது ஒரு நன்கொடை. மூன்றாவதைக் கொடுக்க முடியாவிட்டால் ரொக்கமாகக் கொடுத்துவிடுவது மேல்.

கொடுக்கும் முன் கடையில் செய்ய வேண்டியது

முதல் வேலை நம் கணக்கைக் காப்பாற்றிக்கொள்வது. பழைய ஹார்ட் டிஸ்கில் பத்து வருஷத்து டாலி கணக்கு, வாடிக்கையாளர் பாக்கி, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு, ஆதார் நகல், பாங்கு ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கும். 'டெலிட்' போட்டால் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். டெலிட் என்பது பேரேட்டின் அட்டவணைப் பக்கத்தைக் கிழிப்பது மாதிரி. உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். தெரிந்தவர் ஒருவர் சிறு மென்பொருளை வைத்து அதை மீட்டுவிடலாம். டிஸ்க் முழுவதும் வேறு எழுத்துகளை எழுதி நிரப்பி அழிக்கும் என்வைப் போன்ற மென்பொருள்கள் உண்டு, அவையும் திறமூலம்தான். இதைவிடச் சுருக்கமான வழி, பழைய டிஸ்கைக் கழற்றி நம்மிடமே வைத்துக்கொண்டு, 240 ஜி.பி. அளவில் ஒரு புதிய எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுப்பது. சில ஆயிரம் செலவு. கணக்கு வெளியே போகாது. பழைய மெஷினும் புதிது போல் சுறுசுறுப்பாகத் திறக்கும். பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதுவே பலன் அதிகம் தருவது. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை நாம் சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருப்பதால், டிஸ்க் கையில் இருப்பதும் நல்லதுதான். அதற்கு முன் ஒரு நகலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த லினக்ஸ் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். பழைய மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் என்பதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பொருத்தமானது. 2 ஜி.பி. ராம் இருந்தாலே ஏறும், 4 ஜி.பி. இருந்தால் சிரமம் இல்லாமல் ஓடும். விண்டோஸ் பழகியவர் கண்ணுக்கு அன்னியமாகவும் தெரியாது. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். எடுபாஸும் நல்ல தேர்வுதான். ஒரு பள்ளிக்கு ஒரே வகையை மட்டும் ஏற்றுங்கள். ஆளுக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று என்றால் ஆசிரியர் பாடு திண்டாட்டம்.

வாங்கும் முன் மாதிரி பார்ப்பது நம் தொழில் முறை. சேலம் லீ பஜாரில் மிளகாய் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் விலை பேசுவோமா? லினக்ஸில் அதற்கும் வழி உண்டு. 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, மெஷினை அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. திரை, சத்தம், வைஃபை, பிரிண்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, திருப்தி இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். பிரிண்டரை மட்டும் அவசியம் சோதிக்க வேண்டும். சில லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் டிரைவர் சரியாகக் கிடைப்பதில்லை. பிரிண்டர் ஓடாத ஒரே காரணத்துக்காகப் பள்ளி மறுபடி பழைய வழிக்குப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஓடாத மெஷின், குடம் மாதிரி இருக்கும் பழைய பிக்சர் டியூப் மானிட்டர், பாட்டரி செத்த யு.பி.எஸ். இவற்றைப் பள்ளிக்குக் கொடுப்பது தானம் இல்லை, குப்பையை இடம் மாற்றுவது. 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டியவை. 64 பிட் பிராசஸர் இல்லாத மிகப் பழைய மெஷின்களையும் ஒதுக்கிவிடுங்கள்.

கடையில் நாம் பில் போடும் மெஷினையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாமா என்று சில உறுப்பினர்கள் ஆர்வத்தில் கேட்கக்கூடும். என் யோசனை, அவசரப்பட வேண்டாம். டாலி விண்டோஸில் ஓடுவதற்காக எழுதப்பட்டது. நம் ஆடிட்டரும் அதைத்தான் கேட்பார். கடைக்கு உரிமத்தோடு விண்டோஸ், பள்ளிக்கு லினக்ஸ். இரண்டுக்கும் தேவை வேறு வேறு.

பள்ளியில் செய்ய வேண்டியது

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் அரசாலேயே அமைக்கப்பட்டிருக்கும். அந்த மெஷின்களில் நாம் கை வைக்கக் கூடாது. அவற்றுக்குப் பராமரிப்பு ஏற்பாடு தனி. நம் மெஷின் போய்ச் சேர வேண்டியது தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும், உதவி பெறும் சிறு பள்ளிகளுக்கும், மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும். ஐந்து மெஷின் சேர்ந்தால் ஐந்து பள்ளிக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, ஒரே பள்ளிக்கு ஐந்தையும் கொடுப்பது நல்லது. ஒற்றை மெஷின் தலைமை ஆசிரியர் அறையில் பதிவேடு அடிக்கத்தான் போகும். பிள்ளை கை படாது. ஐந்து இருந்தால் அது வகுப்பு.

ஆள் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பள்ளியில் ஆர்வம் உள்ள ஓர் ஆசிரியர், ஏழாம் எட்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள். இவர்களுக்கு இரண்டு சனிக்கிழமை பயிற்சி போதும். மெஷினைத் திறப்பது, மூடுவது, திருத்தம் ஏற்றுவது, பென்டிரைவிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஏற்றுவது. கடைசியில் சொன்னது முக்கியம். அதைப் பிள்ளைகளே செய்யும்படி பழக்கிவிட்டால், மெக்கானிக் வந்தால்தான் மெஷின் ஓடும் என்ற நிலை போய்விடும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி எந்த மெக்கானிக் ஒரு மெஷினுக்காக மேலே போவார்? ஏற்றும் பென்டிரைவ் ஒன்றைப் பள்ளி பீரோவில் வைத்துவிட்டு வர வேண்டும். திருட்டுச் சரக்காக இருந்தால் இப்படி வைக்க முடியுமா? பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணன் மெஷினில் ஏற்றினாலும் குற்றம் இல்லை என்பதுதான் இதன் சௌகரியம்.

கற்றுக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருகிறது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் அதுபோன்ற குழுக்கள் தோன்றிக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், எளிய தமிழில் லினக்ஸ் முதல் பைத்தான் வரை நூல்களை விலையில்லாமல் வெளியிட்டிருக்கிறது. அவற்றை அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கவும் தடை இல்லை. நம் வட்டாரத்தில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகளே இதைச் செய்யலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஓராண்டுக்கு. பெட்ரோல் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டால் போதும்.

காகித வேலை

நன்கொடையைத் தலைமை ஆசிரியருக்கு முகவரியிட்ட கடிதத்தோடு கொடுக்க வேண்டும். மெஷினின் வரிசை எண், ராம், டிஸ்க் அளவு, ஏற்றப்பட்ட இயங்குதளத்தின் பெயர் இவற்றைக் கடிதத்தில் எழுதுங்கள். 'இதில் உள்ள மென்பொருள் அனைத்தும் கட்டற்ற உரிமம் பெற்றவை' என்ற ஒரு வரி அதில் இருந்தால் நாளைக்கு ஆடிட் வரும்போது ஆசிரியருக்குத் தலைவலி இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிக்குப் பெரிய அளவில் கொடுக்க நினைப்பவர்களுக்கு, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியும் இருக்கிறது.

வரி விஷயம். 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான்; பொருளுக்குக் கிடையாது. ஜி.எஸ்.டி.யில் மெஷின் வாங்கியபோது உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அதை இலவசமாகக் கொடுத்தாலும் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். மூலதனப் பொருளுக்கு எடுத்த வரவு, வாங்கிய தேதியிலிருந்து காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் கழிந்துகொண்டே வரும். ஐந்து ஆண்டில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அதற்குள் கொடுப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் வரவே எடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சொத்துப் பட்டியலிலிருந்து அந்த மெஷினை நீக்கி, பள்ளி கொடுத்த ரசீதை அந்த ஆண்டுக் கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.